வாடகை வீட்டில் நாய்க்குட்டி: எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வில்லாபுரம் வாசி: மாடி போர்ஷன், வாடகை. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். மூணாவது படிக்கிற பையன் ராஜபாளையம் குட்டி கேட்கிறான். எடுக்கலாமா?

கோம்பைக்காரன்: சித்திரை, வைகாசியில மதியம் ரெண்டு மணிக்கு நாய் எங்க படுக்கும்? அதுக்குப் பதில் இருந்தா மேல பேசலாம். மொட்டை மாடி, தகரக் கொட்டகை ரெண்டும் ஆகாது. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைச்சுத்தான் சூட்டை இறக்கும். பூட்டின அறையில காத்து ஓடலைன்னா அதுவும் பலிக்காது. உடம்புச் சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சரி. 41 தாண்டினா உயிருக்கு ஆபத்து. அப்போ வயிறு, தொடை இடுக்கெல்லாம் பச்சைத் தண்ணி ஊத்தி, ஃபேனுக்குக் கீழ வச்சு, உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். பக், ஷிட்சூ மாதிரி சப்பை மூக்கு ஜாதி நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டவே வேண்டாம்.

மாட்டுத்தாவணி: ரெண்டு மாசக் குட்டி மூணு மணி நேரத்துக்கு மேல மூத்திரத்தை அடக்காது, சாப்பாடும் நாளைக்கு நாலு வேளை. காலையில பூட்டிட்டுச் சாயங்காலம் திறந்தா படுத்த இடத்துலேயே போய்ப் பழகிடும், அப்புறம் மாத்துறது பெரும்பாடு. பகல்ல ஆள் இல்லாத வீட்டுக்கு வளர்ந்த நாய்தான் தோது, அதுக்கும் நடுவுல ஒருத்தர் வந்து பார்க்கணும்.

ஆனையூர் அக்கா: 30 நாள் குட்டியைத் தலையில கட்டுவாங்க, வாங்காதீங்க தம்பி. எட்டு வாரமாவது தாய்கிட்ட இருக்கணும். கூடப் பிறந்ததுங்களோட கடிச்சு விளையாடித்தான் எவ்வளவு அழுத்தினா வலிக்கும்னு கத்துக்கும். சின்னப் பையன் இருக்கிற வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம். 6–8 வாரத்துல முதல் தடுப்பூசி, பிறகு 3–4 வாரத்துக்கு ஒண்ணுன்னு 16 வாரம் வரைக்கும். ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல. அதுக்கு அடுத்த பூஸ்டர் ஒரு வருஷத்துல. ஊசி முடியற வரைக்கும் தெரு மண்ணுல இறக்கிவிடாதீங்க. முன்ன குடியிருந்தவங்க நாய் ரத்தக் கழிச்சல்ல செத்துச்சான்னு வீட்டு ஓனர்கிட்ட கேளுங்க. அந்தக் கழிச்சலைக் கொண்டுவர்ற பார்வோ கிருமி மண்ணுல ஒரு வருஷம்கூடக் கிடக்கும். சிமெண்ட் தரைன்னா தேய்ச்சுக் கழுவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் ஊறவிடணும். மண் தரைக்கு அது எடுபடாது.

கோம்பைக்காரன்: அக்கா சொன்னது சரி. வெள்ளை ராஜபாளையத்துல காது கேக்காத குட்டி உண்டு. பின்னாடி நின்னு, அதுக்குத் தெரியாம சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்க. தரையைத் தட்டாதீங்க, அதிர்வுக்கே திரும்பிடும். கூடவே, அது ஓடுற ஜாதி. மாடி போர்ஷன்ல அடைச்சு வைக்கிறது எனக்குச் சம்மதமில்ல.

ஆனையூர் அக்கா: ஓனர் சம்மதத்தை எழுதி வாங்கிக்குங்க, வாய்வார்த்தை காலி பண்ணச் சொல்றப்போ நிக்காது. அப்புறம் குட்டி எடுக்குறதுக்கு முன்னாடியே பதினஞ்சு நாள் அலாரம் வச்சு, காலை அஞ்சரைக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் அரை மணி நேரம் வெளியே நடந்து பாருங்க. பையன் தூங்கத்தான் செய்வான், அவனைக் கணக்குல சேர்க்காதீங்க.