பொருள்: பிரிவு 3(கே): ‘பெர் சே’க்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, சட்டக் கல்லூரித் தமிழ்வழி மாணவர்களுக்கான காப்புரிமைப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எவை கண்டுபிடிப்பு ஆகா என்று சொல்லும், 1970ஆம் ஆண்டு இந்தியப் பேடன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவில் சிக்கிக்கொண்டேன். கணித முறை, வணிக முறை எல்லாம் வந்துவிட்டன. ‘கம்ப்யூட்டர் புரோகிராம் பெர் சே’ கண்டுபிடிப்பு ஆகாது என்கிறதே, அந்த லத்தீன் ‘பெர் சே’தான் (‘அதுவாகவே’ என்பதுபோல்) தமிழில் அடங்கவில்லை. ‘வெறும் கணினி நிரல்’ என்று எழுதலாமா?

வழக்கறிஞர்:
‘வெறும்’ வேண்டாம், நிரலை மட்டம் தட்டுகிறது. 2002 திருத்தத்துக்கு முன் இதை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு காரணத்தைச் சொல்லியிருக்கிறது: நிரலை ஒட்டியும் அதன்மேலும் உருவானவை கண்டுபிடிப்பாக இருந்தால் அவற்றைத் தள்ளக் கூடாது; ஆனால் நிரல் மட்டும் தனியாக வந்தால் காப்புரிமை கிடையாது. 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றமும் தொழில்நுட்ப விளைவைப் பார்க்கச் சொன்னது. ஆகவே ‘தன்னளவில்’.

தமிழாசிரியர்:
சொல்லின் கடைசியில் சேரும் ‘ஏ’, அந்த ஏகாரம் இருக்க இன்னொரு சொல் எதற்கு? தொல்காப்பியர் அதற்கு ஐந்து பொருள் சொன்னார், நன்னூலார் ஆறு. இரண்டிலும் பிரிநிலை, அதாவது ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, உண்டு. ‘கணினி நிரலே’ என்றால் போதும். நிரல் என்பதும் வரிசைதான். நிரல்நிறை அணி, நிரை, நிரைத்தல் என்று பார்த்துக்கொண்டே போனால்…

வழக்கறிஞர்:
போக வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும். ‘கணினி நிரலே கண்டுபிடிப்பு ஆகாது’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு அதை உறுதிப்பொருள் தரும் தேற்றேகாரம் என்று வாதாடும். நிரல் தொட்டது எதுவுமே ஆகாது என்று பொருள் திரும்பிவிடும். 2004 அவசரச் சட்டம் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கு விலக்கிலிருந்து வழிவிட்டது. 2005இல் நாடாளுமன்றம் அதைக் கைவிட்டுப் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது. இத்தனை இழுபறியையும் ஓர் ஏகாரம் தாங்குமா?

மென்பொருளாளர்:
அதைவிடப் பெரிய ஓட்டை தலைப்பில் இருக்கிறது. ‘காப்புரிமை’ என்றால் பலரும் காப்பிரைட் என்றே படிப்பார்கள். நிரல் இலக்கியப் படைப்பாகக் காப்பிரைட் பெறும், சிக்கல் கண்டுபிடிப்புக்கான பேடன்ட்டில்தான். பாடமே தலைகீழாகிவிடும். ‘பேடன்ட்’ என்றே போடுங்கள்.

தமிழாசிரியர்:
பாடக்குறிப்பில் ‘பேடன்ட்’டா? ‘ஆக்கவுரிமை’ என்ன குறைந்துபோயிற்று?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்:
பேடன்ட், காப்பிரைட் எல்லாம் அடங்கும் அறிவுசார் சொத்தையே நாங்கள் ‘புலமைச் சொத்து’ என்கிறோம். முதலில் அதை ஒன்றாக்குவோமா?

மொழிபெயர்ப்பாளர்:
இப்போது வேண்டாம் ஐயா. ‘தன்னளவில்’ என்பதற்கு மூவர் சம்மதம். தலைப்பில் ‘பேடன்ட் உரிமை’, காப்பிரைட்டுக்குப் ‘பதிப்புரிமை’. அச்சுக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். தன்னளவில் என்றால் எந்த அளவில்? நிரைத்தல் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.