கோட்டாவில் வந்த பிள்ளை

நான் வட இலங்கையின் வன்னிப் பகுதியில் முல்லைத்தீவு மாவட்டம். உயர்தரத்தை இரண்டாம் முறை எழுதித்தான் மருத்துவபீடம் கிடைத்தது. பௌதிகவியல் வகுப்புக்காகச் சனி, ஞாயிறுகளில் மாங்குளம் சந்தியில் விடியுமுன் யாழ்ப்பாண பஸ் ஏறுவேன். வன்னியில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

முதலாம் ஆண்டில் சக மாணவன் ஒருவன், உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்தி அனுமதிக்குப் பயன்படுத்தும் என் இசட் புள்ளியைக் கேட்டான். சொன்னேன். "ஓ, கோட்டாவா?" என்றான். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் உள்ளே நுழைந்த பிறகு ஐந்து வருடமும் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான். கோட்டாவுக்கென்று யாரும் ஒரு புள்ளி கூட்டிப் போடுவதில்லை. அன்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

உள்ளகப் பயிற்சி வன்னியிலேயே அமைந்தது. காலபோக அறுவடை நேரம், ஓர் இரவு வயலிலிருந்து ஓர் ஐயாவைத் தூக்கி வந்தார்கள். "புடையன் கடித்துவிட்டது பிள்ளை" என்றார் அவருடைய மனைவி. உடனிருந்த தென்பகுதி மருத்துவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. கண்ணாடி விரியன் என்று நான் விளக்கினேன். இருந்தாலும் பெயரை மட்டும் நம்பி மருந்து ஏற்ற முடியாது. புதிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்தோம். ஐயாவின் பல் முரசில் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. குழாயைச் சரித்தேன். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீராய் ஓடியது.

விஷம் இரத்தத்தில் ஏறியது உறுதி. விஷமுறி ஏற்றினோம். அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். அதற்கு மருந்தான அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு விடியும்வரை கட்டிலருகே நின்றோம்.

வீடு போகும் நாளில் ஐயா கேட்டார்: "பேத்தி உயிரியல் படிக்கிறாள். டொக்டருக்கு எவ்வளவு இசட் வேண்டும் பிள்ளை?"

"வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும் ஐயா. முன்கூட்டிச் சொல்ல முடியாது."

சற்று யோசித்தார். "மழை மாதிரியோ?"