புதுப்பிப்பு: களியக்காவிளை சிப்ஸ் கடை கியூஆர் விவகாரம்

தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளையில் இருக்கும் மாமா கடை கியூஆர் அட்டைமேல் எவனோ தன் கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிப் பணத்தை அள்ளியதை எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

பணம் அனுப்பிய கேரளத்துப் பாறசாலைக்காரர் அன்றே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்துவிட்டார். நாடு முழுக்க ஒரே எண் என்பதால் கேரளமா தமிழ்நாடா என்ற இழுபறி இல்லை. பரிவர்த்தனை எண்ணைத் தயாராக வைத்திருந்தார். மோசடிக்காரன் கணக்கில் மிஞ்சியதை வங்கி முடக்கியிருக்கிறது. கைக்கு வர நாளாகும் போல.

ஸ்டிக்கரை நகத்தால் உரித்தோம். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு மாமாவின் கியூஆர் அப்படியே இருந்தது. இப்போது அட்டை கண்ணாடிக்குள். ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சொன்னால்தான் பொட்டலம் கைமாறும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, போலியாக அதையும் தயாரிக்கிறார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை வாசிக்கச் சொல்கிறார் மாமா. கொஞ்சம் ஓவர்தான், ஆனால் யாரும் முறைக்கவில்லை.