அனிமல் மேன்: அட்டை ஒருவர் கையில், உள்பக்கம் இன்னொருவர் கையில், ஏன்?

கோடுபித்தன்:
கிராண்ட் மாரிசன் எழுதிய, டிசி காமிக்ஸின் சூப்பர் ஹீரோ தொடரான அனிமல் மேனின் முதல் 26 இதழ்களை (1988-90) ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கதையில் குறை சொல்ல எதுவும் இல்லை, அட்டைகள்தான் உறுத்துகின்றன. எல்லாம் பிரையன் போலண்ட் வரைந்தவை, விலங்கின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆசையாகப் புரட்டினால் உள்ளே பெரும்பாலும் சாஸ் ட்ரூக் வரைந்தது, முகமெல்லாம் தட்டை, பல பேனல்களில் (படக் கட்டங்களில்) பின்னணி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அட்டையைப் பார்த்துக் காசு கொடுத்தவனை இது ஏமாற்றுவது இல்லையா? அதோடு, 1965-ல் ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ் இதழில் தலைகாட்டிவிட்டு அப்புறம் பெரும்பாலும் யாரும் சீண்டாமல் கிடந்த ஆளுக்கு, பேட்மேன் கதையான கில்லிங் ஜோக்கை வரைந்தவரைப் போய் ஏன் கொடுத்தார்கள்?

பழையபேப்பர்:
யாரும் சீண்டாத ஆள் என்பதால்தான். பேட்மேன் இதழுக்கு இரண்டு காதும் ஒரு நிழலும் போட்டால் போதும், வாங்குகிறவன் வாங்கிவிடுவான். ஆரஞ்சு நிறத்தில் உடம்போடு ஒட்டிய உடை, நெஞ்சில் பெரிய ஏ, இதை வைத்துக்கொண்டு எவனை நிறுத்துவது? அதனால் அட்டையில் ஒரு யோசனை இருந்தாக வேண்டும். போலண்ட் செய்ததில் எனக்குப் பிடித்தது அந்த ஜாக்கெட். இறுக்கமான உடையில் வெளியே போகக் கூச்சம், பாக்கெட்டும் வேண்டும் என்பதற்காக பட்டி பேக்கர் (அனிமல் மேனின் நிஜப் பெயர்) மேலே மாட்டிக்கொள்வது. அதன் மடிப்பையும் கசங்கலையும் அவர் வரையும்போது இவன் வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற ஆள் என்பது ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

மற்றபடி ஏமாற்று என்றெல்லாம் சொல்ல முடியாது. போலண்ட் அவ்வளவு நிதானமாக வரைகிற ஆள், மாதாமாதம் இருபதுக்கு மேல் பக்கம் அவரிடம் கேட்டால் இதழே வராது. கில்லிங் ஜோக்குக்குப் பிறகு அவர் வேலை பெரும்பாலும் அட்டைகள்தான்.

மைத்துளி:
ட்ரூக்கை இப்படிக் கழித்துக்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 5-ஆம் இதழை மறுபடி எடுங்கள். அட்டையில் பட்டி கையை விரித்துச் சிலுவையில் கிடப்பவன் போல, பக்கத்தில் அவனை வரைந்துகொண்டிருக்கும் ஒரு கை. பார்க்கிறவன் இது பட்டியின் கதை என்றுதான் நினைப்பான். உள்ளே அவன் கிட்டத்தட்ட வேடிக்கை பார்க்க வந்தவன், சாவது க்ராஃப்டி என்கிற கார்ட்டூன் கயோட்டி (ஓநாய் போன்ற விலங்கு). கடைசிப் பக்கத்தில் பார்வை மேலே மேலே போய், நாற்சந்தியில் கிடக்கும் கயோட்டியின் ரத்தத்துக்கு ஒரு பெரிய கை தூரிகையால் சிவப்பு அடிக்கிறது. அந்தப் பக்கத்தை போலண்ட் போல இழைத்து இழைத்து வரைந்திருந்தால் கார்ட்டூன் உலகம் நம் உலகத்துக்குள் விழுந்த அதிர்ச்சியே வந்திருக்காது, சாதாரண காமிக்ஸ் மாதிரி தெரிகிற கோடு அங்கே வேண்டும். அட்டை பாதி விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, ஆனால் படித்து முடித்த பிறகுதான் அது சொன்னதே நமக்குப் புரிகிறது.

சிவப்புவலை:
இது நல்ல சமாளிப்பு :) கதை காப்பாற்றியதால் ட்ரூக் தப்பித்தார் என்பேன். 2011-ல் ஜெஃப் லெமிர் எழுத மறுபடி ஆரம்பித்தார்களே, அதில் முதல் இதழின் அட்டையும் உள்ளும் ட்ராவல் ஃபோர்மன்தான். உடம்பு பிய்ந்து, நரம்பு வெளியே வந்து, கொஞ்சம் குமட்டும். ஆனால் அட்டையில் மிரட்டியது உள்ளேயும் மிரட்டுகிறது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

பழையபேப்பர்:
ஃபோர்மன் மிரட்டுகிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் வரையும் மனிதர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசும்போதுகூட பிணம் மாதிரி இருக்கிறார்களே, அதற்கு என்ன செய்ய? ட்ரூக் வரைந்த எல்லென், பட்டியின் மனைவி, சும்மா சமையலறையில் நின்றால் அது சமையலறைதான்.

கோடுபித்தன்:
5-ஆம் இதழின் அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மைத்துளி சொல்வதை அந்த ஒரு இதழுக்கு ஒப்புக்கொள்கிறேன். மற்ற இதழ்களில் பின்னணி இல்லாத பேனல்களுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. லெமிர் தொகுப்பு முதல் பாகம் யாரிடமாவது இருந்தால் உள்பக்கம் இரண்டைப் போடுங்கள், பார்த்துவிட்டு வாங்குகிறேன்.