‘மிஸ்டர் ஸ்டெர்லிங்’: பத்து வாரம் மட்டும் ஓடிய செனட் தொடர் – பார்த்தவர்கள் பகிரலாம்

தொடக்கப் பதிவு

2003 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிச் சேனலான என்பிசியில் தொடங்கி, மார்ச் 14-ல் நின்றுபோன தொடர் இது. மொத்தமே 10 அத்தியாயங்கள். கலிஃபோர்னியாவின் செனட்டர் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உறுப்பினர்) ஒருவர் பதவியில் இருக்கும்போதே இறந்துவிடுகிறார். அந்த இடத்துக்கு வேறொருவரை மாநில ஆளுநர் நியமிக்க வேண்டும். முன்னாள் ஆளுநர் ஒருவரின் மகனான, சிறைக்கைதிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் பில் ஸ்டெர்லிங்கை அவர் தேடிப் பிடிக்கிறார். அப்பாவின் கட்சிதான் மகனின் கட்சியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆள் வாஷிங்டனில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது, அவர் எந்தக் கட்சியிலும் இல்லாத சுயேச்சை. ஸ்டெர்லிங்காக ஜோஷ் ப்ரோலின், அப்பாவாக ஜேம்ஸ் விட்மோர், செனட்டின் நெளிவுசுளிவு அறிந்த ஜாக்கி ப்ராக்காக ஆட்ரா மெக்டொனால்ட்.

உருவாக்கியவர் லாரன்ஸ் ஓ’டானல். செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹானிடம் ஆலோசகராக இருந்தவர். 1993 முதல் 1995 வரை செனட் நிதிக் குழுவின் ஸ்டாஃப் டைரக்டர், அதாவது அந்தக் குழுவின் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் தலைவர். அதன் பிறகே வெள்ளை மாளிகையைப் பற்றிய ‘தி வெஸ்ட் விங்’ தொடருக்கு எழுத வந்தார். வெளியிலிருந்து பார்த்து எழுதியவர் அல்ல, உள்ளே கோப்பு தூக்கியவர். அது காட்சிக்குக் காட்சி தெரியும்.

இந்தத் தொடரில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது, அதன் பின்னால் உள்ள நடைமுறை என்ன என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், தொடரைப் பற்றிப் பேசுவோம்.

மறுமொழி 1

நியமனத்திலிருந்து தொடங்குகிறேன். இது புரியாவிட்டால் முதல் அத்தியாயமே புரியாது. அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்கள் வாக்கில் ஜெயித்து வருபவர், கட்சிக்காரர். செனட் இடம் காலியானால் அடுத்த தேர்தல் வரைக்கும் ஆள் போடும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஆளுநருக்குக் கொடுக்கலாம் என்கிறது 1913-ல் வந்த 17-ஆவது திருத்தம். கலிஃபோர்னியாவில் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள்.

நடைமுறை இப்படிப் போகும். ஆளுநர் கையெழுத்தும் மாநிலச் செயலாளர் கையெழுத்தும் மாநில முத்திரையும் கொண்ட நியமனச் சான்றிதழ் செனட்டுக்குப் போகும். அவையில் அதைத் தாக்கல் செய்வார்கள். பெரும்பாலும் அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர் புதியவரைத் தலைமை மேடை வரை அழைத்துப் போவார். வலது கையைத் தூக்கி உறுதிமொழி, பிறகு உறுதிமொழிப் புத்தகத்தில் கையெழுத்து. அவைக்குள் புகைப்படம் எடுக்கக்கூடாது. அதனால் வெளியே வந்து பழைய செனட் மண்டபத்தில் அதே உறுதிமொழியைப் படத்துக்காக இன்னொரு முறை நடித்துக் காட்டுவார்கள். பத்திரிகையில் வரும் படம் அந்த இரண்டாவது தடவைதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள்: ‘நீங்கள் எந்தக் கட்சி?’ என்று எங்கேயுமே கேட்கப்படுவதில்லை. சான்றிதழில் கட்சிக்கென்று ஓர் இடம் இல்லை. கதையின் முடிச்சு அந்த ஓட்டையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆளுநர் கையெழுத்துப் போட்டு, புதியவர் உறுதிமொழியும் எடுத்துவிட்டால் திரும்ப அழைக்க வழியே கிடையாது.

மறுமொழி 2

சுயேச்சை என்றதும் வெறும் நாடக உத்தி என்று பலர் நினைக்கிறார்கள். தொடர் வருவதற்குச் சற்று முன்புதான் நிஜ செனட்டில் இது இரண்டு முறை நடந்தது.

முதலாவது, வெர்மான்ட் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ். 2001-ல் அவை 50-க்கு 50 என்று நின்றது. சமநிலையை உடைக்கும் துணை அதிபரின் வாக்கால்தான் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. மே மாதம் ஜெஃபர்ட்ஸ் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாகி, ஜனநாயகக் கட்சியோடு அமர்ந்தார். ஒரே ஆள் இடம் மாறியதில் எல்லாக் குழுக்களின் தலைமையும் கை மாறியது. சுற்றுச்சூழல் மற்றும் பொதுப்பணிக் குழுவின் தலைமை அவருக்கே வந்தது.

இரண்டாவது, மினசோட்டா. 2002 அக்டோபர் 25-ல் செனட்டர் பால் வெல்ஸ்டன் விமான விபத்தில் இறந்தார். ஆளுநர் ஜெஸ்ஸி வென்ச்சுரா இரு பெரும் கட்சியிலும் சேராத டீன் பார்க்லியை நவம்பர் 4-ல் நியமித்தார். பார்க்லியின் பதவி 2003 ஜனவரி 3-ல் முடிந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து ஸ்டெர்லிங் திரையில் வந்தார்!

கணக்கு என்னவென்றால், சுயேச்சையின் எடை அவருடைய நல்ல குணத்தில் இல்லை, இரு பக்கமும் உள்ள எண்ணிக்கையின் இடைவெளியில் இருக்கிறது. 50-50 என்றால் அவர் ராஜா. 2003 ஜனவரியில் நிஜ அவை 51, 48, ஒரு சுயேச்சை. அதே ஜெஃபர்ட்ஸ்தான் அந்த ஒருவர், ஆனால் அவரால் எதையும் கவிழ்க்க முடியாது. குழுத் தலைமையும் போய்விட்டது. இந்தத் தொடரைப் பார்க்கும்போது ஒவ்வொரு பேரத்துக்கும் முன்னால் இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால், யார் ஏன் இறங்கி வருகிறார்கள் என்பது தானாகப் புரியும்.

மறுமொழி 3

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குழுக்களில் இடம் கொடுப்பது கட்சிகள். ஒவ்வொரு கட்சியும் தன் பட்டியலைத் தயார் செய்து, அவை அதைத் தீர்மானமாக நிறைவேற்றும். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவருக்குக் குழு இல்லை. குழு இல்லாத செனட்டருக்கு மசோதாவைத் திருத்தும் மேசையில் நாற்காலி இல்லை. ஆகவே சுயேச்சை என்று அறிவித்துவிட்டு அப்படியே இருந்துவிட முடியாது. யாரோடாவது உட்கார்ந்துதான் தீர வேண்டும். ‘கொள்கை எது, விலை எது’ என்ற கேள்வி இங்கே முதல் நாளே வந்துவிடுகிறது. தொடரின் சிறந்த நிமிடங்கள் இந்தப் பேரத்தில் இருக்கின்றன.

உட்காருவது என்பது நேர்ப்பொருளிலேயே நடக்கும். அவையில் 100 மேசைகள், அரைவட்டமாக. தலைவரின் வலப்பக்கம் ஜனநாயகக் கட்சி, இடப்பக்கம் குடியரசுக் கட்சி. எண்ணிக்கை மாறினால் மேசையையே தூக்கி நடைபாதைக்கு அந்தப் பக்கம் போடுவார்கள்.

மறுமொழி 4

அலுவலகக் காட்சிகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே? புதியவர் உள்ளே நுழையும்போது ஏற்கெனவே ஆட்கள் மேசைகளில் இருப்பது தற்செயல் அல்ல. செனட்டர் இறந்தால் அவருடைய ஊழியர்களை அதிகபட்சம் 60 நாள் சம்பளத்தில் வைத்து அலுவலகத்தை மூடும் வேலையைச் செய்ய விதி இடம் தருகிறது. அந்த 60 நாளுக்குள் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று புதியவர் முடிவு செய்ய வேண்டும். இறந்தவரின் ரகசியம் தெரிந்தவரும் அவர்களுக்குள் இருப்பார், சட்ட வரைவு தெரிந்தவரும் இருப்பார். பல நேரம் இரண்டும் ஒரே ஆள்.

லட்சியவாதிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். சுத்தம் செய்கிறேன் என்று எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால், அடுத்த வாரம் வரும் திருத்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. பழையவர்களை அப்படியே வைத்துக்கொண்டால் அவருடைய குரல் பழைய செனட்டரின் குரலாகிவிடும். ஜாக்கி ப்ராக் பாத்திரம் இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் அவர் குரு அல்ல, விதி தெரிந்த ஊழியர் என்பதுதான். ‘அது தப்பு’ என்று அவர் சொல்லும்போது அறத்தைச் சொல்லவில்லை, ‘அதற்கு வாக்கு இல்லை’ என்கிறார்.

மறுமொழி 5

ஒரு சின்னத் திருத்தம். அரசியல் நாடகங்களில் வரும் ‘நிரம்பி வழியும் செனட்டில் உணர்ச்சிப் பேச்சு’ நிஜத்தில் மிக அபூர்வம். பெரும்பாலான பேச்சுகள் காலி மேசைகளுக்கு முன்னால்தான். 1986 முதல் அவையைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். கேமராவை இயக்குவதே செனட் ஊழியர்கள். பேசுபவர் முகத்திலேயே அது நிற்கும். அதனால் வீட்டில் பார்ப்பவருக்கு அவை காலி என்பது தெரியாது.

வாக்கெடுப்பு அப்படியில்லை. செனட்டில் மின்னணு வாக்கு கிடையாது. எழுத்தர் பெயர் கூப்பிடுவார். உறுப்பினர்கள் மேடைக்கு முன்னால் உள்ள இடத்துக்கு நடந்து வந்து கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டுவார்கள். எழுத்தர் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பதிவு செய்வார். கட்டைவிரல் திரும்புவதற்கு முந்தைய அந்த அரை விநாடி போதும், வசனமே வேண்டாம்.

மறுமொழி 6

ஏன் நின்றது என்பதற்கு வருவோம். வெள்ளி இரவு எட்டு மணி இடத்தில் அதற்கு முன்பு என்பிசியில் ஓடியது ‘ப்ராவிடன்ஸ்’, மென்மையான குடும்பத் தொடர். 2002 டிசம்பரில் முடிந்தது. அந்தப் பார்வையாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் குழு ஒதுக்கீட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது அமெரிக்க விளம்பரதாரர்கள் விலை பேசியது 18 முதல் 49 வயதுக்காரர்களை வைத்து. அந்த வயதினர் வெள்ளி இரவில் வீட்டில் இருப்பதே குறைவு. இதே சேனலில் புதன்கிழமை ‘தி வெஸ்ட் விங்’ வேறு. வாரத்துக்கு இரண்டு வாஷிங்டன் நாடகம் தாங்காது.

இன்னொன்று, காலம். 2002 அக்டோபரில் செனட் 77-க்கு 23 என்று ஈராக் மீது படைபலத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. கடைசி அத்தியாயம் மார்ச் 14. அடுத்த வாரமே போர் தொடங்கிவிட்டது. செய்தியில் தினமும் நிஜ செனட்டர்கள் வந்துகொண்டிருந்த மாதங்களில் கற்பனை செனட்டருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் என் கணிப்பில் நேர ஒதுக்கீடுதான் பெரிய அடி. முழுப் பருவம் என்றால் 22 அத்தியாயம், செப்டம்பரில் தொடங்கும். நடுவில் ஜனவரியில் வருவதற்கு மெதுவாக வேர்பிடிக்க அவகாசமே இல்லை.

மறுமொழி 7

நாடகம் எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளம்பரம் போக ஒரு மணி நேரத் தொடருக்கு 42 முதல் 44 நிமிடம்தான் கிடைக்கும். ஒரு மசோதாவை அதற்குள் தொடங்கி முடிக்கப் பார்த்தால் பொய்யாகிவிடும். விவாதத்தை நிறுத்த வேண்டுமென்றாலே முதலில் 16 பேர் கையெழுத்திட்ட மனு, நடுவில் ஒரு நாள் இடைவெளி, பிறகு 60 வாக்கு. அது கிடைத்த பிறகும் 30 மணி நேரம் வரை பேசலாம். இதைக் காட்டினால் பார்வையாளர் எழுந்து போவார், காட்டாவிட்டால் தெரிந்தவர் சிரிப்பார்.

வழி என்ன? முழு மசோதாவை எடுக்காமல் அதில் ஒரு திருத்தத்தை எடுக்க வேண்டும். ஒரு நியமனத்தை ஒரே செனட்டர் தடுத்து வைத்திருப்பதை எடுக்கலாம். குழுவில் ஒரு வாக்கு குறைவதை எடுக்கலாம். இவை ஒரே நாளில் முடியக்கூடியவை, யாராவது ஒருவர் மனம் மாறினால் திரும்பக்கூடியவை. புதியவர் கேள்வி கேட்பதால் விதியை விளக்கவும் இடம் கிடைக்கும், ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஐந்தாவது அத்தியாயத்திலும் அவர் ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாத்திரம் மடையனாகிவிடும். அதற்குள் அவரே ஒரு விதியைக் கையில் எடுத்து மற்றவரை மடக்க வேண்டும்.

மறுமொழி 8

இந்த வகையில் இதற்கு முன்னோடியும் ஒன்று உண்டு. 1970–71-ல் என்பிசியிலேயே ‘தி போல்ட் ஒன்ஸ்’ வரிசையின் ஒரு பகுதியாக வந்த ‘தி செனட்டர்’. ஹால் ஹோல்ப்ரூக் நடித்தது. அதுவும் ஒரே பருவம். சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருது கிடைத்தது, ஹோல்ப்ரூக்குக்கும் எம்மி கிடைத்தது, தொடர் அப்படியும் நின்றுபோனது.

இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதில் செனட்டர் வெளியே போய் மக்களையும் பிரச்சினையையும் சந்திக்கிறார். ஸ்டெர்லிங்கிலோ பெரும்பாலான மோதல் கட்டிடத்துக்குள்ளேயே, தாழ்வாரத்தில், இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிறது. முதல் அத்தியாயத்தை இரண்டு முறை பார்ப்பது நல்லது: முதல் முறை ஸ்டெர்லிங்கை, இரண்டாவது முறை அவர் பேசும்போது ஜாக்கியின் முகத்தை.