வலப்பக்கம் மட்டும் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கிறது, அவசரம்!

ராக்கோழி_கேஆர்புரம்:
சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போய் ராத்திரி முழுக்கப் படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் இடப்பக்கம் ஊசிமுனை மாதிரி இருக்கு, வலப்பக்கம் மட்டும் இழுபடுது. போகஸ் சரியாகத்தான் வைத்தேன். அமாவாசை போவதற்குள் இன்னொரு தடவை போகணும். என்ன தப்பு?

மூணுகாலி:
எந்த லென்ஸ், எத்தனை வினாடி, படம் எங்கே? ஜோசியமா பார்க்க முடியும்?

குளிர்காலம்:
பனிதான், சந்தேகமே இல்லை. லென்ஸில் ஈரம் படிந்திருக்கும்.

மூணுகாலி:
பனி படிந்தால் படம் முழுக்க மங்கும். வலப்பக்கமாகப் பார்த்து உட்காராது.

ராக்கோழி_கேஆர்புரம்:
மன்னிக்கவும். 24 எம்எம் லென்ஸ், துளை முழுக்கத் திறந்து எப் 1.4, 15 வினாடி, புல் பிரேம் (பெரிய சென்சர்) கேமரா. வடகிழக்கு பார்த்து வைத்தேன், வலப்பக்கம் மிருகசீரிடம்.

வான்கணக்கு:
அப்போ பூமி சுற்றுவதுதான் காரணம். நீங்க சொல்லும் மிருகசீரிடம் இருக்கிற ஓரியன் விண்மீன் கூட்டம் வான நடுக்கோட்டின் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) மேலேயே இருக்கு, அங்கே நட்சத்திரம் வேகமாக நகரும். வடக்கே போகப் போகக் குறையும். 8 வினாடி வைத்துப் பாருங்க.

பிலிம்காலம்:
மாதம் ஒருவர் இதையே கேட்கிறீர்கள், பழைய இழைகளை யாரும் புரட்டுவதில்லை. தம்பி, எப் 1.4ல் மூலை நட்சத்திரம் இறக்கை விரிக்கத்தான் செய்யும். கோமா என்று பெயர். துளையைச் சுருக்கி எப் 2.8 வைத்துவிட்டு வந்து பேசு.

மூணுகாலி:
சார், கோமா என்றால் நாலு மூலையிலும் வரணும். பூமி சுற்றுவதென்றால் வால் எல்லாம் நகரும் திசையில் கோடாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இறக்கை விரிந்தால் உள்ளே ஏதோ கண்ணாடி அச்சு விலகியிருக்கு என்று எனக்குப் படுது.
இதற்கு மலை ஏற வேண்டாம். மொட்டைமாடியில் முக்காலி போடுங்க. தூரத்து செல்போன் டவரின் சிவப்பு விளக்கை நடுவில் வைத்து போகஸ் பண்ணி, அப்புறம் வளையத்தைத் தொடாமல் அதே விளக்கை நாலு மூலைக்கும் கொண்டுபோய் எப் 1.4லேயே எடுங்க. பிறகு வேறு லென்ஸ் மாட்டி அதே மாதிரி. அதிலும் வலப்பக்கமே கெட்டால் லென்ஸைத் திட்டாதீங்க, சென்சரோ மவுண்டோ (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) சாய்ந்திருக்கு.

பஞ்சாங்கம்_பார்ப்பவன்:
ஒரு திருத்தம். ஓரியன் மிருகசீரிடம் இல்லை, திருவாதிரை.

வான்கணக்கு:
சிவந்த தோள் திருவாதிரை, தலைப்பக்கம் மிருகசீரிடம். ரெண்டும் ஓரியனுக்குள்ளேதான்.

பஞ்சாங்கம்_பார்ப்பவன்:
அப்போ முழு ஓரியனையும் மிருகசீரிடம் என்று எழுதலாமா?

பிலிம்காலம்:
இது கேமரா இழை.

பஞ்சாங்கம்_பார்ப்பவன்:
பெயர் தெரியாமல் எதைப் படம் எடுக்கிறீங்க?

ராக்கோழி_கேஆர்புரம்:
மாடிச் சாவியை ஓனரிடம் கெஞ்சி வாங்கினேன். இடது மூலை ரெண்டிலும் சுத்தமான புள்ளி. வலது மேலே பறவை இறக்கை, வலது கீழே அரை இறக்கை. எப் 4ல் கொஞ்சம் அடங்குது. 50 எம்எம் மாட்டினால் நாலும் ஒரே மாதிரி. அப்புறம், போன மாதம் கேமரா பை பைக்கிலிருந்து விழுந்தது, அதைச் சொல்ல மறந்துட்டேன். சர்வீஸுக்குக் கொடுக்கிறேன். நன்றி.

மூணுகாலி:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!

குளிர்காலம்:
பனியும் இருந்திருக்கும்.

புதுசா_வந்தவன்:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் இடப்பக்கம். சர்வீஸ் எங்கே கொடுத்தீங்க, எவ்வளவு ஆச்சு? ராக்கோழி அண்ணா, இருக்கீங்களா?