அவள் ‘மாட்டேன்’ என்றதும் அவன் என்ன செய்தான்?

காதல் கதைகளில் எந்த மாதிரி நாயகன் நம்மை இழுத்தான், ஏன் இழுத்தான் என்று ஆளுக்கொரு அனுபவம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் பங்கை ஒரு நூலகப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

பதினைந்து வயதில் எனக்குப் பிடித்தவன் கோபக்கார நாயகன். உர்ரென்றே இருப்பான், யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டான், நாயகியைக் கண்டால் எரிந்து விழுவான். அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது காதல்தான் என்று கடைசி அத்தியாயம் சொல்லும். நான் முதல் அத்தியாயத்திலேயே நம்பிவிடுவேன். எல்லோரும் பயப்படுகிற ஒருவன் ஒருத்தியிடம் மட்டும் குழைகிறான் என்றால், அவளுக்கு எவ்வளவு பெரிய இடம்! எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவன் நம்மிடமும் சிரிப்பதில் என்ன விசேஷம் என்று அப்போது தோன்றும். அந்த வயதில் யாராவது ஒருவருக்காவது நாம் தனி என்று தெரிய வேண்டியிருந்தது. அதை அந்த நாயகன் கொடுத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இருபத்தெட்டு வயதில் அதே கதையை மறுபடி எடுத்தேன். அட்டை கிழிந்து, வேறு அட்டை போட்டுத் தைத்த பழைய பிரதி. கோபத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் நிறுத்துகிற இடம் வந்தது. அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் குண்டு குண்டான எழுத்தில் ‘ஐயோ, அழகு!’ என்று இருந்தது. அதற்குக் கீழேயே வேறொரு கை, சாய்ந்த சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: ‘கை வலித்திருக்கும்.’

ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அவன் கண் சிவந்தது, மூச்சு வாங்கியது, குரல் கரகரத்தது எல்லாம் கதையில் இருக்கிறது. அவள் மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பதின்மூன்று வருடம் அந்தக் காட்சியை நான் மனதில் வைத்திருந்தேன், எனக்கும் அது தோன்றவில்லை. முகம் தெரியாத அந்த இரண்டாவது வாசகிதான் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்வேன்.

அதற்குப் பிறகு எந்தக் காதல் கதையை எடுத்தாலும் ஓர் இடத்தைத் தேடிப் போகிறேன். அவள் ‘மாட்டேன்’ என்கிறாள். அடுத்து அவன் என்ன செய்கிறான்? 1813-ல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் வரும் டார்சியைத் திமிர் பிடித்த நாயகர்களுக்கெல்லாம் மூத்தவன் என்பார்கள். சரி, திமிர்தான். அவள் கட்டாயம் சம்மதிப்பாள் என்ற நினைப்பிலேயே காதலைச் சொல்கிறான். அவள் முகத்துக்கு நேராக மறுத்துவிடுகிறாள். அவன் கையைப் பிடிக்கவில்லை, பழிவாங்கவில்லை. மறுநாள் தன் தரப்பை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிப் போகிறான். அப்புறம் அவள் தங்கையின் பிரச்சினையைத் தானே தீர்த்துவைத்து, அதை அவளுக்குத் தெரியாமல் மறைக்கவும் பார்க்கிறான். இரண்டாவது தடவை கேட்கும்போது, உன் மனம் மாறவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், இனி இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன் என்கிறான். இரண்டு நூற்றாண்டு தாண்டியும் அவன் நிற்பது திமிரால் இல்லை, மறுப்பைக் கேட்டுக்கொண்டதால் என்பது என் எண்ணம். இப்போது வருகிற பல கதைகள் அந்தத் திமிரை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதத்தை விட்டுவிட்டன.

முரட்டு நாயகன் பிடிக்கிறது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1847-ல் வந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாயகன் ஹீத்கிளிஃப் என்னை இன்றைக்கும் இழுக்கிறான். ஆனால் அவன் பழி அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் வரை போய் விழுவதை அதை எழுதிய எமிலி பிராண்டே மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. வலிக்கும் கையையும் சேர்த்து எழுதிய கதை அது.

* * *

மேலே எழுதிய தோழிக்கு நன்றி. நான் ஆண். இந்தப் பேச்சில் ஆண்கள் குறைவு என்பதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

என்னை இழுத்தவன் பேசாத நாயகன். ஆழமானவன், எல்லாவற்றையும் மனதுக்குள் வைத்துக்கொள்பவன், ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுபவன். கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அவன் பெரிய ஆறுதல். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, புரிந்துகொள்ள ஒருத்தி வருவாள் என்று அவன் எனக்கு வாக்குக் கொடுத்ததுபோல் இருந்தது. அப்படியே நானும் இருந்தேன்.

ஒருத்தி வந்தாள். இரண்டு வருடம் பழகினோம். பிரியும்போது அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. “உங்களுக்கு என்னைப் பிடிக்குமா இல்லையா என்று தினமும் நானே ஊகித்து ஊகித்துக் களைத்துப்போனேன்.”

அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. கதையில் அவன் பேசாவிட்டாலும் அவன் மனதை வாசகருக்குக் கதாசிரியர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ‘அவன் நெஞ்சு பதறியது, ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. என் பக்கத்தில் அந்த வரியை எழுத யாரும் இல்லை. அவளுக்குக் கிடைத்தது வெறும் முகம்தான்.

மேலே டார்சியின் கடிதத்தைப் பற்றிச் சொன்னார்கள். அதே ஆஸ்டினின் ‘பர்சுவேஷன்’ நாவலில் கேப்டன் வென்ட்வொர்த் எழுதும் கடிதம் எனக்கு இன்னும் நெருக்கம். எட்டு வருடத்துக்கு முன்பு அவனோடு செய்துகொண்ட நிச்சயத்தை முறித்தவள் பக்கத்தில் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்க, அதைக் காதில் வாங்கிக்கொண்டே எழுதுகிறான். இந்தக் கடிதம் ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவில் கிடையாது. 1816-ல் அந்த முடிவு திருப்தியாக இல்லாமல் மாற்றி எழுதியபோது வந்ததுதான் இந்தக் கடிதக் காட்சி. பழைய முடிவின் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. பேசாத நாயகனைக் கடைசியில் பேச வைத்தே ஆக வேண்டும் என்று அவருக்கே இரண்டாவது தடவையில்தான் பட்டிருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது மணமாகிவிட்டது. பிடித்ததைப் பிடித்தது என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.

* * *

நான் தொடர்கதை எழுதுபவள். அந்தப் பக்கத்து அனுபவம் கொஞ்சம்.

போன கதையில் நாயகன் சாஃப்ட் ஹீரோ. நாயகிக்குத் தொல்லை கொடுக்க ஒரு முரடனையும் வைத்திருந்தேன். பத்தாவது அத்தியாயத்துக்குள் வாசகிகள் பாதிப் பேர் முரடன் பக்கம் போய்விட்டார்கள். “அவனைத் திருத்தி அவளோடு சேர்த்துவையுங்கள், அக்கா” என்று கேட்காத நாளில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், குறை என் எழுத்தில். முரடன் வந்தால் ஏதாவது நடக்கும். நல்லவன் வந்தால் அவளுக்குக் குடை பிடிப்பான், ஆறுதல் சொல்வான், போய்விடுவான். அவனுக்கென்று ஓர் ஆசையோ பயமோ நான் கொடுக்கவே இல்லை. நல்லவன் என்றால் எதுவும் வேண்டாதவன் என்று எழுதிவைத்திருந்தேன்.

இது புதிய சங்கடமும் அல்ல. சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘கிளாரிஸா’ 1747, 1748 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வந்தபோது, லவ்லேஸ் என்ற கொடியவனை வாசகிகளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அவனையும் அவளையும் சேர்த்துவைக்கச் சொல்லிக் கேட்டார்கள். ரிச்சர்ட்சன் மறுத்துவிட்டு, பிந்தைய பதிப்புகளில் அவன் எவ்வளவு கெட்டவன் என்று புரியவைக்க அடிக்குறிப்புகள் வரை சேர்த்தார். நான் அடிக்குறிப்பு போடவில்லை. இருபதாவது அத்தியாயத்தில் என் நல்லவனை முதல்முறையாகக் கோபப்பட வைத்தேன், அவனுக்கு நியாயமான ஒரு விஷயத்துக்காக. கத்தினான், ஆனால் வழியை மறிக்கவில்லை. அன்றைக்கு வந்த கருத்துகளை இன்னும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

* * *

நான் எல்லோருக்கும் மூத்தவள் என்று நினைக்கிறேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என் அம்மா பைண்டு செய்து வைத்திருந்த தொடரில் எனக்குக் கிடைத்தது. அந்தக் கதையைப் படித்த பெண்களுக்கு வந்தியத்தேவன் மேல் ஆசை வராமல் இருக்காது. துடுக்கு, வாய்ச் சாமர்த்தியம், மாட்டிக்கொண்டு தப்பிக்கிற அழகு. என் ஆயுளில் பாதிக்கு மேல் அவன்தான். பூத்தொடுத்து, பாட்டுப் பாடி, பூங்குழலிக்காகக் காத்திருந்த சேந்தன் அமுதனை நான் பெரிதாகக் கண்டுகொண்டதே இல்லை. அவள் மனது வேறு பக்கம் என்று தெரிந்தும் அவளைக் குறை சொல்லாமல் இருந்தவன் அவன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கண் அறுவை சிகிச்சை. சில வாரம் படிக்கவே கூடாது என்றார்கள். பேத்தி உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். வந்தியத்தேவன் வந்தால் அவள் குரலே துள்ளும். ஓர் இடத்தில் பேச்சு சட்டென்று தாவியதுபோல் இருந்தது.

“ஏன் கண்ணு, நடுவில் ஏதோ விட்டுவிட்டாய்?”

“சேந்தன் அமுதன் சும்மா பேசிக்கொண்டிருக்கிறான், பாட்டி. அதான் தள்ளிட்டேன்.”

அவள் வயதில் நானும் அந்தப் பக்கங்களைத் தள்ளியவள்தான். கட்டுப் போட்ட கண்ணோடு கையை நீட்டிப் புத்தகத்தைத் தொட்டேன்.

“திரும்பிப் போ. அவன் என்ன சொன்னான் என்று மெதுவாகப் படி.”